"எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்று அம்மா சொன்னால் எவ்வளவு நம்பலாம்?

போன ஆடி மாதம் குடியாத்தத்தில் அம்மா வீட்டில் இருந்தோம். என் மகள் கூடத்துக்கும் அடுப்படிக்குமாக ஓடிக்கொண்டே இருந்தாள். முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா, நிமிர்ந்து என்னைக் கேட்டார்: "ஏம்மா, பாப்பாவோட கொலுச ஏன் கழட்டிட்ட? சத்தத்தையே காணோம்."

கொலுசு காலில்தான் இருந்தது. சலங்கை முத்து வைத்த கொலுசு. வீடு முழுக்க அந்தச் சத்தம்தான்.

அம்மாவுக்கு 71 வயது. "காது கொஞ்சம் மந்தமா இருக்கோ, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாமா?" என்று நான் இழுத்ததுமே கோபம் வந்துவிட்டது. "குக்கர் விசில் கேக்குது, பக்கத்து வூட்டுத் தறி கேக்குது, உங்கப்பா இருமுனா கேக்குது. இன்னா கேக்கல எனக்கு?"

அவர் பொய் சொல்லவில்லை. எதையும் மறைக்கவும் இல்லை. கண் மங்கினால் எழுத்து கலங்கித் தெரியும், அதனால் மங்குகிறது என்று நமக்கே தெரிந்துவிடும். காது மங்கும்போது அப்படி எந்த அடையாளமும் இருப்பதில்லை. விழாத சத்தம் விழவில்லை, அவ்வளவுதான். கொலுசுச் சத்தம் அம்மாவுக்கு மங்கலாகக் கேட்கவில்லை, கேட்கவே இல்லை. அதனால் கொலுசு இல்லை என்று முடிவு செய்தார். அவருக்குக் கிடைத்த தகவலை வைத்துப் பார்த்தால் சரியான முடிவுதான். வயதான ஒருவர் தன் காதைப் பற்றித் தானே சொல்லும் தீர்ப்பு எங்கே தவறுகிறது என்பது இந்தக் கொலுசு விஷயத்திலேயே முக்கால்வாசி அடங்கிவிடுகிறது.

உள்காதில் நத்தை ஓடு போல் சுருண்ட ஒரு உறுப்பு உண்டு. காக்ளியா என்பார்கள். அதற்குள் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 நுண்ணிய மயிர்ச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலி வந்து நுழையும் வாசல் பக்கம் இருப்பவை கீச்சென்ற மேல் சுருதி ஒலிகளை வாங்குகின்றன. சுருளின் உள்கோடியில் இருப்பவை கனத்த கீழ்ச் சுருதி ஒலிகளை வாங்குகின்றன. வயதாகும்போது முதலில் தேய்வது பெரும்பாலும் வாசல் பக்கத்துச் செல்கள்தான். மனிதருக்கு அவை ஒருமுறை போனால் மறுபடி முளைப்பதில்லை. பல வருடம் பெரிய சத்தத்தில் வாழ்ந்திருந்தால் தேய்மானம் இன்னும் சீக்கிரம் வரும். குடியாத்தத்திலும் ஆரணியிலும் விசைத்தறிக்குப் பக்கத்திலேயே வாழ்நாளைக் கழித்தவர்கள் எத்தனையோ பேர்.

அதனால் காது மொத்தமாக மங்குவதில்லை. மேல் சுருதி போகிறது, கீழ்ச் சுருதி நிற்கிறது. தறியின் தடதடப்பு, அப்பாவின் இருமல், மாட்டின் கத்தல் எல்லாம் கேட்கும். கொலுசு, ராத்திரி சுவர்க்கோழி, வெளியே வைத்த போனின் மணி இவையெல்லாம் போய்விடும். சுவர்க்கோழி கத்துவது நின்றுவிட்டது என்று யாராவது கவலைப்பட்டிருக்கிறோமா? ராத்திரி அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிடுவோம்.

பேச்சிலும் இதேதான் நடக்கிறது. இதை என் அம்மாவின் சமையலறையில் வைத்தே பார்க்கலாம். ஒருநாள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "அந்தத் தட்டை எடும்மா" என்றேன். அவர் திரும்பி முருங்கைக்கீரைக் கட்டை எடுத்து நீட்டினார். தட்டை, கட்டை. இரண்டிலும் உயிரொலிகள் ஒன்றுதான், நடுவில் வரும் 'ட்ட'வும் ஒன்றுதான். வேறுபடுவது முதலில் வரும் மெய் மட்டும். 'த்'துக்கும் 'க்'குக்கும் உள்ள வேறுபாடு கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வந்து போகும் ஒரு சின்ன வெடிப்பொலி. அது உயிரொலியைவிட மிகவும் மெல்லியது, அதன் நுணுக்கம் பெரும்பாலும் மேல் சுருதியில்தான் இருக்கிறது. பேச்சின் கனம் உயிரெழுத்துகளில், பேச்சின் பொருள் பெரும்பாலும் மெய்யெழுத்துகளில். மேல் சுருதி போனவருக்குக் கனம் முழுதாக வந்து சேர்கிறது, பொருள் பாதி வழியில் நின்றுவிடுகிறது. "சத்தம் கேக்குது, இன்னா சொல்றாங்கன்னுதான் வெளங்கல" என்று யாராவது சொன்னால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வயதுக் காது மந்தத்தை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

ஆனால் பலர் இதைக்கூடச் சொல்வதில்லை. காரணம், விட்டுப்போன எழுத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. மத்தியானம் ஒரு மணிக்கு மருமகள் வந்து ஏதோ கேட்டால் அது "சாப்ட்டீங்களா அத்தே?" என்பதாகத்தான் இருக்கும். காது பாதி கேட்டால் போதும், மீதியைப் பழக்கம் சொல்லிவிடும். நாற்பது ஐம்பது வருடம் ஒரே வீட்டில், ஒரே மனிதர்களோடு வாழ்ந்த பெண்ணுக்கு இந்த யூகம் அபாரமாக வேலை செய்யும். அதனால் வீட்டுக்குள் நடமாடும்வரை தனக்குக் குறை ஒன்றும் இல்லை என்றே அவருக்குத் தோன்றும். பழக்கம் உதவாத இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்: புதுப் பெயர், பணக் கணக்கு, போன் நம்பர், மாத்திரை அளவு. "காலையில பாதி, ராத்திரி ஒண்ணு" என்று மருந்துக் கடைக்காரர் சொல்வதற்குத் தலையாட்டிவிட்டு வந்து, வீட்டில் தலைகீழாகப் போடுவார். அதற்கு நாம் வைக்கும் பெயர் ஞாபக மறதி.

மாற்றம் மெதுவாக வருவது இன்னொரு காரணம். எங்கள் பாலாற்றுப் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். தினமும் சேந்துகிறவர் கயிற்றை ஒரு முழம் கூட்டிக் கட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார். பத்து வருஷம் கழித்து ஊருக்கு வருகிறவன்தான் "இவ்ளோ ஆழமா போயிடுச்சா!" என்று திகைப்பான். காதும் அப்படித்தான். டிவியில் இரண்டு புள்ளி கூட்டி வைத்துக்கொள்வது, பேசுகிறவர் முகத்தைப் பார்த்தபடியே கேட்பது, கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்காருவது எல்லாம் கயிற்றைக் கூட்டுவதுதான். "இந்தக் காலத்துப் பசங்க வாய்க்குள்ளயே பேசுதுங்க" என்ற குறையும் இங்கிருந்துதான் வருகிறது. குறை எதிராளியின் வாயில் இருப்பதாகத்தான் அவருக்குத் தெரிகிறது.

இதில் வீட்டாரைக் குழப்பும் ஒன்று உண்டு. "சத்தமா சொல்லு" என்பார். சத்தமாகச் சொன்னால், "ஏன் கத்துற? நான் இன்னா செவிடா?" என்று சீறுவார். வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்துவிடுகிறோம். அப்படியில்லை. உள்காது தேய்ந்தவருக்கு மெல்லிய ஒலிதான் எட்டாமல் போகிறது. பெரிய ஒலி பழையபடி பெரிதாகவே விழும், சில சமயம் குடைச்சலாகக்கூட இருக்கும். கேட்காததற்கும் தாங்க முடியாததற்கும் நடுவில் உள்ள இடைவெளி சுருங்கிப் போயிருக்கும். நாம் மெல்லப் பேசினால் அந்த இடைவெளிக்குக் கீழே போய்விடுகிறோம், கத்தினால் மேலே ஏறிவிடுகிறோம். கத்தல் காதை அறைகிறபோது, தன் காது நன்றாகத்தான் இருக்கிறது என்பதற்கு அவருக்கு இன்னொரு சாட்சி கிடைத்துவிடுகிறது.

சரி, பெண்களைப் பற்றித் தனியாக ஏன் பேச வேண்டும்? சராசரியாகப் பார்த்தால் ஆண்களுக்குத்தான் மேல் சுருதி சீக்கிரமும் அதிகமும் குறைகிறது. பெண்களுக்குக் கொஞ்சம் தாமதமாக வருகிறது. ஆனால் தெரியவரும் வாய்ப்பு எங்கள் பக்கத்துப் பாட்டிமாருக்குக் குறைவு என்றுதான் எனக்குப் படுகிறது. கடை, ஆபீஸ், பஞ்சாயத்து என்று புதியவர்களோடு பேச வேண்டிய கட்டாயம் இருந்தால் குறை நாலு பேருக்கு முன்னால் வெளிப்பட்டுவிடும். வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டே வயதான பெண்ணுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் கேட்கும் கேள்விக்கு மகன் பதில் சொல்லிவிடுகிறான். கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் "அடக்கமானவங்க" என்று பெயர் வாங்குவாரே தவிர, ஏன் பேசவில்லை என்று யாரும் கேட்பதில்லை. சிரித்துத் தலையாட்டிவிட்டால் எந்தப் பேச்சையும் கடந்துவிடலாம். அதோடு 'செவிடி' என்ற சொல்லை வசவாகவே கேட்டு வளர்ந்த தலைமுறை அது. அந்தச் சொல்லைத் தன்மேல் தானே எடுத்துப் போட்டுக்கொள்ள யாருக்கு மனம் வரும்?

இனி எண்களுக்கு வருவோம். "உங்களுக்குக் காது கேட்பது குறைந்திருப்பதாக நினைக்கிறீர்களா?" என்ற ஒரே கேள்வி எவ்வளவு நம்பகமானது என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அளக்கும் முறை எளிது. கேள்வியைக் கேட்டுப் பதிலை எழுதிக்கொள்வது. பிறகு கருவியை வைத்துக் காதைச் சோதிப்பது. இரண்டும் எத்தனை பேரிடம் ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது.

இதைச் சல்லடையை வைத்து யோசித்தால் சுலபம். மாவு சலிக்கும்போது இரண்டு கேள்வி உண்டு. கப்பி எல்லாம் மேலே நிற்கிறதா? நல்ல மாவு எல்லாம் கீழே இறங்குகிறதா? இரண்டையும் ஒருசேர முழுதாகச் செய்யும் சல்லடை கிடையாது. கண் நெருக்கமாக இருந்தால் கப்பி தப்பாது, ஆனால் நல்ல மாவும் கொஞ்சம் மேலே தங்கிவிடும். கண் அகலமாக இருந்தால் மாவு முழுதும் இறங்கும், கூடவே கப்பியும் இறங்கும். அந்தக் கேள்வியும் ஒரு சல்லடைதான்.

ஆஸ்திரேலியாவின் நீல மலைப் பகுதியில் 55 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும் பெண்களையும் இப்படிச் சோதித்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. டெசிபல் என்பது ஒலியின் உரப்பை அளக்கும் அலகு, காதுச் சோதனையில் அந்த எண் கூடினால் குறையும் அதிகம் என்று அர்த்தம். 25 டெசிபலுக்கு மேல் குறைபாடு இருந்தவர்களில் 100க்கு 78 பேர் "ஆமாம், குறைந்திருக்கிறது" என்றார்கள். 22 பேருக்குத் தெரியவில்லை, அல்லது சொல்லவில்லை. 40 டெசிபலுக்கு மேல் போனால் 100க்கு 93 பேர் ஒப்புக்கொண்டார்கள். மறுபக்கம், 25 டெசிபல் அளவுக்குக் குறைபாடு இல்லாதவர்களில் 100க்கு 67 பேர்தான் "இல்லை" என்றார்கள். மீதி 33 பேர் தங்களுக்குக் குறை இருப்பதாக நினைத்தார்கள்.

எனக்கு இந்த எண்களில் இரண்டு விஷயம் முக்கியமாகத் தெரிகிறது. ஒன்று, குறை பெரிதானால் தெரிந்துவிடுகிறது, இலேசானதுதான் நழுவுகிறது. இலேசான நிலையிலேயே கண்டுபிடித்தால் காது மிஷினுக்குப் பழகுவது எளிது என்பதால் நழுவுவது நல்லதில்லை. இரண்டு, குறை இல்லாமலே "இருக்கிறது" என்ற அந்த 33 பேரை வீணாகப் பயந்தவர்கள் என்று தள்ளிவிட முடியாது. தனியறையில் மெல்லிய ஒலி கேட்பது வேறு, கல்யாணப் பந்தியில் இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தெடுப்பது வேறு. முதலாவது சரியாக இருந்தும் இரண்டாவதில் திணறுகிறவர்கள் உண்டு. ஆகவே ஒரு பெண் "எனக்குச் சரியா கேக்கல" என்றால் அதை நம்பி அழைத்துப் போங்கள். "நல்லாத்தான் கேக்குது" என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். இரண்டு பதிலுக்கும் ஒரே எடை கிடையாது.

அந்த ஆய்வில் காதைப் பற்றி அறிவதற்கென்றே கேட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. எங்கள் அனுபவம் வேறு. இரண்டு வருஷம் முன்னால் சர்க்கரைக்காக அம்மாவை ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருந்தேன். அங்கே இருந்தவர் அம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்து, உரக்க, "காது நல்லா கேக்குதா பாட்டி?" என்றார். முகம் தெரிகிறது, உதடு தெரிகிறது, குரலும் பெரிது. அம்மா "நல்லா கேக்குதுப்பா" என்றார். அவர் எழுதிக்கொண்டார். அந்தக் கேள்வி அம்மாவுக்குக் கேட்டது என்பதைத் தவிர அந்தப் பதிலில் வேறு ஒன்றும் இல்லை.

ஒரே கேள்விக்குப் பதிலாகப் பத்துக் கேள்வி கேட்கும் பட்டியல் ஒன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. 1980களில் அமெரிக்காவில் முதியவர்களுக்காகவே செய்தது. "கேட்கிறதா?" என்று அது கேட்பதில்லை. காதால் வீட்டில் சண்டை வருகிறதா, கோயிலுக்குப் போவது குறைந்ததா, டிவி கேட்கக் கஷ்டமா, யாராவது கிசுகிசுத்தால் புரியவில்லையா என்று வாழ்க்கையைப் பற்றிக் கேட்கிறது. ஆமாம் என்றால் 4, சில சமயம் என்றால் 2, இல்லை என்றால் 0. மொத்தம் 40. பத்தும் அதற்கு மேலும் வந்தால் சோதனைக்கு அனுப்புவார்கள். மேலே சொன்ன ஆய்வில் இந்தப் பட்டியல் இலேசான குறைபாட்டில் 100க்கு 58 பேரைத்தான் பிடித்தது. ஆனால் குறை இல்லாதவர்களில் 85 பேரைச் சரியாக விலக்கியது. கண் அகலமான சல்லடை.

எங்கள் ஊருக்கு இதைக் கொஞ்சம் மாற்றித்தான் கேட்க வேண்டும். ஓட்டலில் சாப்பிடும்போது கஷ்டமா என்றால் என் அம்மா ஓட்டலுக்கே போவதில்லை. ரேஷன் கடையில் பேர் கூப்பிட்டால் தெரிகிறதா, பஸ்ஸில் கண்டக்டர் சொல்லும் ஊர்ப் பெயர் விளங்குகிறதா, காட்பாடி ஸ்டேஷனில் எந்த பிளாட்பாரம் என்ற அறிவிப்பைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்கிறீர்களா என்று கேட்கலாம். இன்னொன்றும் உண்டு. "காதால உங்களுக்குத் தொந்தரவு இருக்கா?" என்று கேட்டால், தொந்தரவு வரும் இடங்களுக்குப் போவதை ஏற்கெனவே நிறுத்திவிட்டவர் "இல்லை" என்றுதான் சொல்வார். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் போய்க்கொண்டிருந்த அம்மா, மூன்று வருஷமாக "கூட்டம், ஒத்துக்கல" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். அதனால் "முன்னாடி செஞ்சு இப்போ விட்டது எது?" என்று கேட்பது நல்லது. அங்கேதான் நிஜமான பதில் கிடைக்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. மருத்துவர்களே பயன்படுத்துவது, செலவில்லாதது. டிவி, ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, கை நீட்டினால் தொடும் தூரத்தில், சுமார் 60 சென்டிமீட்டர், பின்னால் நில்லுங்கள். உதடு தெரியக் கூடாது என்பதற்குத்தான் பின்னால். சோதிக்காத பக்கத்துக் காதின் முன்னால் இருக்கும் சிறு மடலை அவரே விரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருக்கட்டும், அந்தக் காது உதவிக்கு வராமல் இருக்க. நீங்கள் மூச்சை முழுதாக வெளியே விட்டுவிட்டு, மிச்சக் காற்றில் "நாலு, க, ஏழு" என்பதுபோல் எண்ணும் எழுத்துமாக மூன்றைக் கிசுகிசுங்கள். மூச்சை விட்டுவிட்டுச் சொல்வது முக்கியம், இல்லாவிட்டால் பாசத்தில் குரல் தானாக உயர்ந்துவிடும். திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றும் சரியென்றால் சரி. தவறினால் வேறு மூன்று. ஆறில் குறைந்தது மூன்று சரியாக வராவிட்டால் அந்தக் காதைச் சோதிக்க வேண்டும். பிறகு அடுத்த காது, வேறு எண்கள். என் அம்மா வலது காதில் இரண்டு சொன்னார், இடதில் ஒன்று. "நீ சொல்லவே இல்லையேம்மா, மூச்சுதான் வுட்ட" என்றார்.

அதன் பிறகுதான் ஒத்துக்கொண்டு வந்தார். வேலூரில் சி.எம்.சி.யிலும், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. முதலில் டாக்டர் காதுக்குள் பார்ப்பார். குறும்பி அடைத்திருந்தாலோ, செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ, பழைய சீழ் இருந்தாலோ அதற்கு வைத்தியம் தனி. (காதில் காய்ச்சிய எண்ணெய் விடுவதையும், ஊக்கை விட்டுக் குடைவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.) அப்புறம் ஆடியோகிராம். சத்தம் புகாத சிறிய அறை, காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். ஒலி கேட்டால் அழுத்த வேண்டும். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி என்று காகிதத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போவார்கள்.

அம்மாவின் நல்ல காதில் வந்த எண்கள் இவை (ஹெர்ட்ஸ் என்பது சுருதியின் அளவு, எண் கூடக் கூட மேல் சுருதி). 500 ஹெர்ட்ஸில் 25 டெசிபல், 1000இல் 35, 2000இல் 50, 4000இல் 70. நான்கையும் கூட்டினால் 180, நான்கால் வகுத்தால் 45. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 20க்குக் கீழே இருந்தால் இயல்பு, 20 முதல் 35 வரை இலேசு, 35 முதல் 50 வரை நடுத்தரம். ஆனால் சராசரியைவிட அந்த நான்கு புள்ளிகளைப் பார்ப்பதுதான் எனக்குப் பாடமாக இருந்தது. இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் சரிந்துகொண்டே போகிற கோடு. மேலே இருக்கும் பகுதியில் அப்பாவின் இருமல், தறி. சரிந்த பகுதியில் கொலுசு, 'தட்டு'க்கும் 'கட்டு'க்கும் உள்ள வேறுபாடு.

60 வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் வாழ்க்கையை முடக்கும் அளவுக்குக் காது கேளாமை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மறதி நோய்க்கான, தடுக்கக்கூடிய காரணிகளில் ஒன்றாகக் காது கேளாமையை, லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2017 முதல் சேர்த்துவருகிறது. கேளாமை உள்ள எல்லோருக்கும் மறதி வரும் என்று அர்த்தமில்லை. வாங்க வசதி இல்லாதவர்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காது மிஷின் பற்றி விசாரிக்கலாம். ஒரே நாளில், ஓரிரு நாளில் திடீரென்று ஒரு காது அடைத்துப்போனால் அது வயதுக் கணக்கில் சேராது. அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும், தாமதித்தால் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு குறைந்துவிடும்.

காகிதத்தைக் கையில் வாங்கிய அம்மா, சோதனை செய்த பெண்ணிடம் விடாமல் கேட்டார்: "அப்போ குக்கர் விசிலு மட்டும் எப்படிம்மா கேக்குது?" அந்தப் பெண் அம்மாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்து, அவசரப்படாமல் சொன்னார். "குக்கர் நம்ம பேச்சைவிட ரொம்ப உரக்கக் கத்தும் ஆயா, உங்க கோட்டைத் தாண்டி வந்துடும். உங்க பேத்தி அவ்ளோ சத்தமா பேச மாட்டா இல்ல?" அம்மா கொஞ்ச நேரம் அந்தச் சரிந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கம்மலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, மிஷின் போட்டால் மாட்டல் போட முடியுமா என்று கேட்டார்.